தேங்கிப்போன தொழிலுக்கு யோசனை எங்கே கிடைக்கும்?

சிறு தொழில் நடத்தும் நண்பர்களோடு பேசினால் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது: "பெரிய நஷ்டம் இல்லை, வளர்ச்சியும் இல்லை. புதுசா ஏதாவது ஐடியா சொல்லேன்." இதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. நஷ்டம் வந்தால் அலறியடித்துக்கொண்டு எதையாவது செய்துவிடுவோம். தேக்கம் அப்படி உலுக்காது. வாடகை போகும், சம்பளம் போகும், மாதக் கடைசியில் கையில் ஒன்றும் தங்காது. அப்படியே வருடங்கள் ஓடிவிடும்.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். பெரும்பாலான முதலாளிகள் யோசனையைத் தங்கள் தலைக்குள் தேடுகிறார்கள், இல்லாவிட்டால் யூடியூபில் தேடுகிறார்கள். வாங்கிப் போனவர் அந்தப் பொருளை வைத்து என்ன செய்கிறார், வாங்காமல் போனவர் எதைக் கேட்டுவிட்டுப் போனார் என்று பார்ப்பவர்கள் குறைவு. யோசனை பெரும்பாலும் கிடப்பது அங்கேதான்.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் சின்சினாட்டியில் குடோல் என்று ஒரு சின்ன நிறுவனம். வீடுகளில் நிலக்கரி எரித்துக் குளிர் காய்ந்த காலத்தில், சுவரில் ஒட்டிய காகிதத்தில் கரி படியும். அதை ஒற்றி எடுக்க, பிசைந்த மாவு போன்ற ஒரு பொருளைச் செய்து விற்றார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடுகளில் எரிவாயுவும் எண்ணெயும் வந்தன, கரி குறைந்தது. தண்ணீரால் கழுவக்கூடிய வினைல் சுவர்த்தாளும் வந்தது. சரக்கில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் அது தீர்த்துவைத்த பிரச்சினையே மறைந்துவிட்டது.

அந்தக் குடும்பத்துக்கு உறவான கே சூஃபால் என்ற பெண் மழலையர் பள்ளி ஆசிரியை. இந்த மாவில் பொம்மை செய்யலாம் என்று எங்கோ படித்துவிட்டு, வாங்கிப் போய்க் குழந்தைகளிடம் கொடுத்தார். அவர்கள் விடவே இல்லை. இந்தச் செய்தி குடோல் நிறுவனத்துக்குப் போனது. சுத்தம் செய்வதற்கென்று சேர்த்திருந்த வேதிப்பொருளை எடுத்துவிட்டு, வாசனையும் பிறகு வண்ணங்களும் சேர்த்து விற்றார்கள். 1956-ல் சந்தைக்கு வந்த அந்தப் பொருள்தான் ப்ளே-டோ என்ற விளையாட்டுக் களிமண். இன்றைக்கும் உலகம் முழுக்கக் குழந்தைகள் கையில் இருக்கிறது.

நிறுவனத்தில் இருந்தவர்கள் எத்தனை நாள் உட்கார்ந்து யோசித்திருந்தாலும் இது அவர்களுக்குத் தோன்றியிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். அவர்கள் கண்ணுக்கு அது சுவர் துடைக்கும் சாமான். இன்னொருவர் கைக்குப் போன பிறகுதான் அது வேறு ஒன்றானது.

அதனால் ஐடியா கேட்கும் நண்பர்களிடம் முதலில் ஒரு நோட்டு வாங்கச் சொல்கிறேன். வருகிறவர் எதைக் கேட்டு நீங்கள் "இல்லை" என்று சொல்கிறீர்களோ, அதை மட்டும் எழுதுங்கள். பொருளாகவும் இருக்கலாம், வேலையாகவும் இருக்கலாம், "சாயங்காலம் எட்டு மணிக்கு மேல் திறந்திருப்பீர்களா" என்ற கேள்வியாகவும் இருக்கலாம். நீங்கள் மட்டும் எழுதினால் போதாது, உங்களிடம் வேலை செய்பவர்களும் எழுத வேண்டும். வாடிக்கையாளர் முகம் சுளிப்பதை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தான். ஒரே கேள்வி வெவ்வேறு ஆட்களிடமிருந்து திரும்பத் திரும்ப வந்தால், அது நீங்கள் இத்தனை நாளாகத் திருப்பி அனுப்பிய வியாபாரம்.

அப்புறம், முன்பு வந்துகொண்டிருந்து இப்போது வராதவர்களை அழைத்துப் பேசுங்கள். இது சங்கடமான வேலை, அதனாலேயே யாரும் செய்வதில்லை. "மறுபடி வாங்க" என்று கூப்பிடாமல், "இப்போது இதை எங்கே வாங்குகிறீர்கள், அங்கே எது சௌகரியமாக இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், வாதாடாதீர்கள்.

எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து ஐடியா கேட்கும் வழக்கத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அலெக்ஸ் ஆஸ்பார்ன் என்ற விளம்பரத் துறைக்காரர் பிரபலப்படுத்திய முறை அது. 1958-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். நான்கு பேர் கூடிப் பேசியதைவிட, நான்கு பேர் தனித்தனியாக யோசித்து எழுதியதைச் சேர்த்தபோது அதிக யோசனைகள் கிடைத்தன. சம்பளம் கொடுப்பவர் எதிரே உட்கார்ந்திருந்தால் யார் மனம்விட்டுப் பேசுவார்கள்? முதலில் எல்லோரும் தனியாக எழுதிக் கொடுக்கட்டும், பேச்சு அதற்குப் பிறகு.

வியாபாரம் மந்தமானதும் பலர் முதலில் தொடுவது தள்ளுபடியை. இதில் எனக்குக் கோபமே வருகிறது, ஏனென்றால் கணக்குப் போடாமல் செய்கிறார்கள். விற்கும் விலையில் 30 சதவீதம் உங்கள் மார்ஜின், அதாவது சரக்கின் அடக்க விலை போக மிஞ்சுவது, என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால், பழைய லாபத்தை எடுப்பதற்கே 50 சதவீதம் கூடுதலாக விற்க வேண்டும். தேங்கி நிற்கும் தொழிலில் அது நடக்கிற காரியமா? மேலும், குறைந்த விலைக்குப் பழகிய வாடிக்கையாளர் அடுத்த தள்ளுபடி வரை காத்திருக்க ஆரம்பித்துவிடுவார்.

அதைவிட, எதை நிறுத்தலாம் என்று பாருங்கள். கடந்த ஒரு வருட பில்களை எடுத்து, எந்தச் சரக்கு பணத்தை முடக்கிவைத்திருக்கிறது, எந்த வேலை உங்கள் நேரத்தைத் தின்கிறது என்று பிரித்தாலே பாதி தெளிவு வந்துவிடும். 2000-களின் தொடக்கத்தில், குழந்தைகள் அடுக்கி விளையாடும் கட்டைகளைச் செய்யும் லெகோ நிறுவனம் முழுகும் நிலைக்குப் போனதற்குப் புதுமை போதாதது காரணமில்லை. புதிது புதிதாக எல்லாப் பக்கமும் கிளைவிட்டதுதான் ஒரு முக்கியக் காரணம். கட்டைத் துண்டுகளின் வகைகளைப் பெருமளவு குறைத்து, பழைய பலத்துக்குத் திரும்பித்தான் மீண்டார்கள்.

சரி, ஒரு யோசனை கிடைத்துவிட்டது. உடனே கடன் வாங்கிப் பெரிதாக இறங்காதீர்கள். உங்களை நன்றாகத் தெரிந்த பத்துப் பதினைந்து வாடிக்கையாளர்களிடம் சொல்லிப் பாருங்கள். "நல்லா இருக்கே" என்று எல்லோரும் சொல்வார்கள், அதை நம்பாதீர்கள். முன்பணம் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். எத்தனை நாள் ஓட்டுவது, எவ்வளவு வரை இழக்கலாம் என்பதைத் தொடங்கும் முன்பே எழுதிவையுங்கள். இறங்கிய பிறகு மனசு கேட்காது, "இன்னும் ஒரு மாசம்" என்று இழுத்துக்கொண்டே போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேட்கக் கஷ்டமாக இருந்தாலும். சில தொழில்களில் குறைவது ஐடியாவே இல்லை. விற்பனை ஓரளவு நடக்கிறது, ஆனால் பணம் வெளியே நிற்கிறது. கடனுக்கு வாங்கியவர்கள் இழுத்தடிக்கிறார்கள், உறவு கெட்டுவிடுமோ என்று கேட்கத் தயங்குகிறோம். அந்த நிலையில் புதுப் பொருளைக் கொண்டுவந்தால் அதுவும் கடனுக்கே போகும். அதனால் "ஐடியா சொல்" என்று வருகிறவர்களிடம் வரவேண்டிய பாக்கிப் பட்டியலையும் எடுத்துவரச் சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு மேலான பாக்கியில் பாதி வந்தாலே, சின்னதாக ஒன்றைச் சோதித்துப் பார்க்கத் தேவையான பணம் பலருக்கு அதிலேயே கிடைத்துவிடும்.