ஆக்கிரமிப்பாளர் ஐவரும் அவர்களின் தாயாரும்

(களம்: அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம், எடிசன் நகரில் ஒரு வீட்டின் பின்புறத் தோட்டம். காலம்: மே மாதக் காலை. மகனைப் பெற்ற தட்சிணாமூர்த்தி, ஓய்வு பெற்ற வருவாய் ஆய்வாளர். மகளைப் பெற்ற சொக்கலிங்கம், ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர். சம்பந்திகள் இருவரும் ஒரே கூரையின் கீழ் மாதக்கணக்கில் தங்கியிருக்கிறார்கள். ஒருவரோடொருவர் இலக்கணம் பிசகாத தமிழில்தான் பேசிக்கொள்கிறார்கள். அதற்கு மரியாதை பாதிக் காரணம். ஒரு சொல் பிசகினால் அது சமையலறை வழியாகச் சென்னை வரை போய்விடும் என்ற அச்சம் மீதிக் காரணம்.)

தட்சிணாமூர்த்தி: சம்பந்தி, காப்பியைப் பிறகு குடித்துக்கொள்ளலாம், முதலில் புலத்தணிக்கைக்கு வாருங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த விதையில் நான் முளைக்க வைத்த 14 அவரை நாற்றுகளில் 11 நாற்றுகள், இரவோடு இரவாகத் தலையை இழந்து முண்டங்களாக நிற்கின்றன. நேற்றுத் தெருவில் ஒரு மான் நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். அதன்மேல்தான் சந்தேகம்.

சொக்கலிங்கம்: (குனிந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி) மானின் மீது வீண்பழி சுமத்தாதீர்கள் சம்பந்தி. மானுக்கு மேல்தாடையில் முன்பற்களே கிடையா என்பதால், அது செடியைக் கவ்விப் பிய்த்து இழுக்கும். தண்டின் நுனி நார்நாராகக் கிழிந்து தொங்கும். இங்கே பாருங்கள், பேனாக்கத்தியால் சீவியதைப்போல, ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் எவ்வளவு நேர்த்தியான வெட்டு! இது முயலின் கையொப்பம். இந்தப் பகுதியில் முயல் என்றால் பஞ்சுவால் முயல்தான்.

தட்சிணாமூர்த்தி: முயல்தானா? எலி வகையறாவுக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? ஒரு பொறி வைத்தால் கணக்குத் தீர்ந்தது.

சொக்கலிங்கம்: எலி வகையறா என்று நீங்கள் மட்டும் சொல்லவில்லை; படித்தவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் சேர்த்து வைத்திருந்தார்கள். முயலின் மேல்வரிசை முன்பற்களுக்குப் பின்னால், முதுகுக்குப் பின் ஒளிந்து நிற்கும் குழந்தையைப்போல, இன்னொரு சிறிய சோடிப் பற்கள் உண்டு. எலிக்கு அது இல்லை. இது போன்ற வேறுபாடுகளை எடுத்துக்காட்டி, 1912-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கிட்லி என்னும் அமெரிக்க அறிஞர் முயல்களைத் தனி வரிசையாகப் பிரிக்க வேண்டும் என்று எழுதினார்.

தட்சிணாமூர்த்தி: அதாவது, கூட்டுப் பட்டாவில் இருந்ததை உட்பிரிவு செய்து தனிப் பட்டா வழங்கிவிட்டார்கள். அதன் நகல் என் அவரைப் பாத்திக்கு வந்து சேரவில்லை. மேலும், முயலைப் பற்றி எனக்குப் பாடம் தேவையில்லை சம்பந்தி. சிவகங்கைப் பக்கம் கரம்பைக் காடுகளில் அளவைச் சங்கிலியோடு நடந்த நாட்களில் நான் பார்க்காத முயலா?

சொக்கலிங்கம்: நீங்கள் அங்கே பார்த்தது கறுப்புப் பிடரி முயல். அது வேறு பேரினம். அதன் குட்டி, பிறக்கும்போதே உடல் முழுதும் உரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறந்து, தாய்க்குப் பெரிய தொல்லை தராமல் தன் பிழைப்பைப் பார்க்கத் தொடங்கிவிடும். பஞ்சுவால் முயலின் குட்டியோ கண் மூடி, உரோமம் ஏறத்தாழ இல்லாமல் பிறக்கும். வீட்டில் வளர்க்கும் வெள்ளை முயலும் இதுவும்கூட உறவு கலக்க முடியாது. அதற்கு 44 குரோமோசோம்கள், இதற்கு 42. ஆகவே நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று தயவுசெய்து நிற்காதீர்கள்.

தட்சிணாமூர்த்தி: கால்களின் எண்ணிக்கையில் எனக்கு ஆட்சேபணை இல்லை, என் ஆட்சேபணை வாயைப் பற்றியது. போகட்டும், இதற்கு ஏதோ அறிவியல் பெயர் இருக்குமே?

சொக்கலிங்கம்: சில்விலாகஸ் என்பது பேரினப் பெயர். காட்டு முயல் என்று பொருள்.

தட்சிணாமூர்த்தி: பெயரிலேயே காடு இருக்கிறதல்லவா? பிறகென்ன, வனத்துறைக்குச் சொந்தமானது வருவாய்த் துறை நிலத்தில் மேய்கிறது! கோப்பை அவர்களுக்கு மாற்றிவிட்டு நாம் காப்பி குடிக்கப் போகலாம்.

சொக்கலிங்கம்: பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அடர்ந்த காட்டுக்குள் இதற்குப் பிழைப்பில்லை. காடும் வெளியும் சந்திக்கிற ஓரம்தான் இதன் உலகம். மேய்வதற்குப் புல்லும், குளோவர் என்னும் மூவிலைச் செடியின் தழையும் வேண்டும், ஆபத்து வந்தால் பத்துத் தாவலில் போய் ஒளிந்துகொள்ளப் புதரும் வேண்டும். காட்டை வெட்டி, புல்லை விரித்து, வேலியோரமெல்லாம் பூச்செடி நட்ட இந்த ஊர்க்காரர்கள், தாம்பூலத் தட்டோடு போய் இதை அழைத்து வந்தார்கள் என்றே சொல்ல வேண்டும். அந்த அழைப்பில் கடைசியாகச் சேர்ந்தது உங்கள் அவரை.

தட்சிணாமூர்த்தி: (உணர்ச்சியை அடக்கிக்கொண்டு) இதன் வளை எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டுங்கள். ஆக்கிரமிப்பை அகற்றுவதில் எனக்கு 32 ஆண்டு அனுபவம்.

சொக்கலிங்கம்: வளை தோண்டிக் கூட்டமாய் வாழ்வது ஐரோப்பிய முயல். இதற்கு வளையே கிடையாது. புல்லுக்குள் தன் உடம்பு அளவுக்கு ஒரு பள்ளம். பகலெல்லாம் காதுகளை முதுகோடு படிய வைத்து அதில் அசையாமல் அமர்ந்திருக்கும். உறைபனிக் காலத்தில், கிரவுண்ட்ஹாக் என்கிற பெரிய தரை அணில் தோண்டி விட்டுப்போன பழைய வளை கிடைத்தால் அதற்குள் ஒதுங்கிக்கொள்ளும்.

தட்சிணாமூர்த்தி: சொந்த வீடு இல்லை, வீட்டு வரி இல்லை, பிறர் கட்டிய வீட்டில் வாடகை தராமல் குடியேற்றம். கதவு எண்ணே இல்லாதவனுக்கு அறிவிப்பை எங்கே போய் ஒட்டுவது? குளிர்காலத்தில்தான் இங்கே ஒரு பச்சைத் தழை இருக்காதே, அப்போதாவது பட்டினி கிடந்து திருந்துமா?

சொக்கலிங்கம்: குளிர்காலத்தில் இது உறங்கிக் கிடப்பதும் இல்லை, பட்டினி கிடப்பதும் இல்லை. குச்சி, மொட்டு, இளமரத்துப் பட்டை என்று கிடைத்ததைக் கொறிக்கும். பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் தேய்வதைப் பற்றிக் கவலை இல்லை. அத்தகைய நார்த்தீனியிலிருந்து சத்தை முழுவதும் எடுக்க ஒரே முறை செரிப்பது போதாதல்லவா? ஆகவே முதல் சுற்றில் மென்மையாக வெளிவரும் உருண்டைகளை, வெளிவந்த இடத்திலேயே வாய்வைத்து மறுபடியும் உண்டுவிடும். இரண்டாம் சுற்றில் வருவதுதான் நாம் புல்லில் காணும் காய்ந்த உருண்டை.

தட்சிணாமூர்த்தி: (நீண்ட மௌனத்திற்குப் பிறகு) ஒரே கோப்பு இரண்டாம் முறையும் அதே மேசைக்கு வந்து, இரண்டாம் முறைதான் ஒப்புதல் பெறுகிறது. எங்கள் அலுவலகத்தில் இது நடைமுறைதான். ஆனால் காப்பி குடிக்கும் எண்ணம் எனக்குப் போய்விட்டது.

(புல்வெளியின் நடுவில் நடக்கும்போது அவருடைய செருப்பின் முனை, உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்து கிடந்த புல் திட்டு ஒன்றின் மீது தட்டுகிறது. அதை விரலால் விலக்குகிறார்.)

தட்சிணாமூர்த்தி: சம்பந்தி! இங்கே பஞ்சு மெத்தை போல் ஏதோ இருக்கிறது. அது மூச்சு விடுகிறது!

சொக்கலிங்கம்: கையை எடுங்கள். அது மெத்தைதான், தாய் தன் வயிற்று உரோமத்தைத் தானே பிடுங்கிப் புல்லோடு சேர்த்து விரித்தது. ஒரு சாண் ஆழம்கூட இல்லாத குழி. ஒன்று, இரண்டு... ஐந்து குட்டிகள். கண்கள் இப்போதுதான் திறந்திருக்கின்றன. அப்படியானால் பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும்.

தட்சிணாமூர்த்தி: சட்டப்படியான வாரிசுகள் ஐவர்! சனிக்கிழமை புல் வெட்டும் இயந்திரம் வரப்போகிறதே! ஊரில் எல்லா இடத்தையும் விட்டு, நட்டநடுப் புல்வெளியில் யாராவது பிள்ளை பெறுவார்களா? ஐயோ, நான் வேறு கையை வைத்துவிட்டேன். மனித வாடை பட்டால் தாய் திரும்ப மாட்டாளாமே?

சொக்கலிங்கம்: அது வெறும் நம்பிக்கை; அதற்காக எந்தத் தாயும் குட்டிகளைக் கைவிடுவதில்லை. புல்லை இருந்தபடியே மூடிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முயலைத் தொட்டால் துலரேமியா என்னும் காய்ச்சல் தொற்ற இடமுண்டு.

தட்சிணாமூர்த்தி: தாய் எங்கே? சுற்றுவட்டாரத்தில் ஒரு வாலைக்கூடக் காணோமே.

சொக்கலிங்கம்: அருகில் எங்கேனும் புதரில் இருப்பாள். பகலில் கூட்டுப் பக்கம் வரமாட்டாள். விடியும் வேளையில் ஒரு முறை, அந்தி வேளையில் ஒரு முறை, சில நிமிடம் பாலூட்டிவிட்டுப் போய்விடுவாள்.

தட்சிணாமூர்த்தி: என்ன அநியாயம்! காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை மட்டும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, நாள் முழுதும் வெளியிலேயே இருக்கிறவள் எல்லாம் ஒரு தாயா?

(மௌனம். மாடியில், காப்பகத்துக்குக் கிளம்பும் பேரனுக்கு, அலுவலகத்துக்குக் கிளம்பும் தாய் காலுறை மாட்டும் ஓசை கேட்கிறது.)

சொக்கலிங்கம்: சம்பந்தி, தாங்கள் முயலைப் பற்றித்தானே சொல்கிறீர்கள்?

தட்சிணாமூர்த்தி: முயலைப் பற்றித்தான். முழுக்க முழுக்க முயலைப் பற்றித்தான். என் பேச்சுக்கு வேறு உட்பொருள் கற்பிக்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

சொக்கலிங்கம்: நல்லது. முயலைப் பற்றி என்பதால் சொல்கிறேன்: அவள் கூட்டருகே அமர்ந்து கொஞ்சிக்கொண்டிருந்தால், அவளைப் பார்த்துப் பருந்தும், அவள் வாடையை முகர்ந்து நரியும், அண்டை வீட்டுப் பூனையும் வந்து சேரும். விலகி இருப்பதே அவளுடைய காவல். அவ்வளவு செய்தும், இவற்றில் பெரும்பாலானவை இரண்டாவது பிறந்தநாளைக் காண்பதில்லை. எஞ்சியிருப்பவை ஓட்டத்தால் பிழைக்கின்றன. மணிக்கு 29 கிலோமீட்டர் வேகம் வரை வளைந்து வளைந்து ஓடி, வெள்ளை வாலைக் காட்டிக் கொண்டே போய், சட்டென்று வாலை மறைத்து அமர்ந்தால் துரத்தியவன் திகைத்து நிற்பான்.

தட்சிணாமூர்த்தி: (குரல் இறங்கி) சரி, விதிப்படியே செய்வோம். ‘இந்த அறிவிப்பு கிடைத்த 15 நாட்களுக்குள் மேற்படி இடத்தைக் காலி செய்ய வேண்டியது’ என்று எழுதிவிடுகிறேன்.

சொக்கலிங்கம்: தாராளமாக எழுதுங்கள். குட்டிகள் இரண்டு, மூன்று வார வயதில் கூட்டை விட்டுத் தாமாகவே போய்விடும். தங்கள் பணிக்காலத்தில் கெடு முடியும் முன்பே காலி செய்த முதல் ஆக்கிரமிப்பாளர்கள் இவர்களாகத்தான் இருப்பார்கள்.

(பகல் முழுவதும் தட்சிணாமூர்த்தி காணப்படவில்லை. மாலையில் பார்த்தால், கூட்டைச் சுற்றிப் போதிய இடைவெளி விட்டு, நான்கு மூலையிலும் கல் நட்டு, கயிறு கட்டி அளந்திருக்கிறார். கூட்டின் மேல் இரண்டு ஈர்க்குச்சிகள் பெருக்கல் குறிபோல் கிடக்கின்றன. குச்சி கலைந்தால் தாய் வந்து போனாள் என்று பொருள் என்று சொல்லிக்கொடுத்தவர் சொக்கலிங்கம். இரவு 8 மணி தாண்டியும் வெளிச்சம் மிச்சமிருக்கிறது. இருவரும் கண்ணாடிக் கதவின் பின்னால் நிற்கிறார்கள்.)

சொக்கலிங்கம்: கல் நட்டு அளந்துவிட்டீர்களே, பட்டா கொடுப்பதாக உத்தேசமா?

தட்சிணாமூர்த்தி: தற்காலிக அனுபோகம் மட்டும். புல் வெட்டுகிறவர் கண்ணில் பட வேண்டுமல்லவா? அவரைப் பாத்திக்குத்தான் என்ன செய்வது?

சொக்கலிங்கம்: இரண்டரை சென்டிமீட்டருக்கு மேற்படாத கண்ணுள்ள கம்பிவலையை 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிறுத்தி, மண்ணுக்குள் 15 சென்டிமீட்டர் புதைத்துவிட்டால்... பேசாதீர்கள். வருகிறாள்.

(சாம்பலும் பழுப்புமான ஓர் உருவம் வேலியோரத்திலிருந்து வந்து, நின்று, மூக்கை அசைத்து, மறுபடி வந்து, ஈர்க்குச்சிகளை இலட்சியமே செய்யாமல் கூட்டின் மேல் கால்பரப்பி நிற்கிறது.)

தட்சிணாமூர்த்தி: (கைக்கடிகாரத்தைப் பார்த்து, கிசுகிசுப்பாக) 4 நிமிடம். பால் கொடுத்தாயிற்று, புல்லை இழுத்து மூடியாயிற்று. கடமையில் குறை சொல்வதற்கில்லை. இதோ கிளம்புகிறாள்... சம்பந்தி, அவள் பாத்திக்கு அல்லவா போகிறாள்! மிஞ்சியிருக்கும் மூன்று நாற்றுகள்!

சொக்கலிங்கம்: அசையாதீர்கள். மிரண்டால் நாளை விடியலில் வரத் தயங்குவாள்.

தட்சிணாமூர்த்தி: (கதவின் பிடியைப் பற்றியபடி, பல்லைக் கடித்துக்கொண்டு) ஒன்று போயிற்று. பால் கொடுத்தவளுக்குப் பசிக்கும்தான். சம்பந்தி, ஒரு சந்தேகம். போன வாரம் இதே இடத்தில் இரண்டு முயல்கள் வரப்புத் தகராறு செய்ததைப் பார்த்தேன். ஒன்று பின்னங்காலில் எழுந்து முன்கையால் மற்றதை அறைந்தது. பிறகு ஒன்று எகிறிக் குதிக்க, மற்றது அதன் அடியில் புகுந்து ஓடியது. யாருடைய எல்லைக்கு யார் வந்தார்களோ?

சொக்கலிங்கம்: அது எல்லைத் தகராறு அன்று, திருமணப் பேச்சு. அறைந்தவள் பெண். என்றைக்குப் பார்த்தீர்கள்?

தட்சிணாமூர்த்தி: வியாழக்கிழமை அந்தியில். நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

சொக்கலிங்கம்: அப்படியானால், குட்டி போட்ட அன்றே அடுத்த ஏற்பாடு முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். இந்த இனத்தில் அது வழக்கம்தான். சூல் காலம் ஏறத்தாழ 28 நாட்கள். இளவேனிலில் தொடங்கினால் முன்பனிக்குள் இப்படிப் பல ஈற்றுகள் ஆகிவிடும்.

தட்சிணாமூர்த்தி: (விரல் விட்டு எண்ணி) 28-இல் 7 போனால் 21. நம் திரும்பும் விமானம் இன்னும் 19 நாளில் அல்லவா? சம்பந்தி, மாப்பிள்ளை தங்கள் சொல்லைத் தட்டமாட்டான்; பயணச் சீட்டை ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லுங்களேன்.

சொக்கலிங்கம்: எதற்காக என்று கேட்டால் என்ன சொல்வது?

தட்சிணாமூர்த்தி: புதிய ஆக்கிரமிப்பாளர்களுக்கு அறிவிப்பை நேரில் சார்வு செய்ய வேண்டியிருக்கிறது என்று சொல்லுங்கள். அப்படியே, நாளைக்குக் கடைக்குப் போகும்போது ஒரு கட்டுக் குளோவர் விதையும் வாங்கி வரச் சொல்லுங்கள். அவரையை மட்டுமே தின்றால் அவளுக்கு அலுத்துவிடும்.