ஐந்நூறு ரூபாய் அட்வான்ஸ்

(கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீடு. மார்கழிக் காலை, புல்மேல் உறைபனி இன்னும் கரையவில்லை. ராசு வாசலில் உட்கார்ந்து வர்க்கியை டீயில் நனைக்கிறார். அவருடைய நாய் பவுனு உள்ளே படுத்திருக்கிறாள். பக்கத்து வீட்டு சரசக்கா எட்டிப் பார்க்கிறார்.)

சரசக்கா: என்ன ராசு, வர்க்கி வாசனைக்குக்கூட பவுனு எழுந்து வரவில்லை?

ராசு: மசக்கை அக்கா! வயிறு உப்பி வருகிறது பாருங்கள். ஜீப் டிரைவர் தம்பி ஒரு குட்டிக்கு ஐந்நூறு ரூபாய் அட்வான்ஸே கொடுத்துவிட்டான்.

சரசக்கா: மாப்பிள்ளை யாரு?

ராசு: அதுதான் புரியவில்லை. சிறுத்தை பயத்தில் இரண்டு மாசமாக அவளை வாசல் தாண்டவே விட்டதில்லை.

சரசக்கா: அப்புறம் குட்டி எங்கிருந்து வரும்? ரேஷன் கடையில் போடுவார்களா?

(ராசு யோசிக்கிறார். வர்க்கி டீக்குள் விழுகிறது.)

சரசக்கா: சரி, வேறென்ன மாற்றம்?

ராசு: கோபம்தான். நேற்று வயிற்றைத் தடவினேன், உர்ரென்று பல்லைக் காட்டினாள். ஏழு வருஷத்தில் இல்லாத வழக்கம். வெறி பிடித்துவிட்டதோ, குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டுக்குக் கூட்டிப் போகலாமா என்றுகூட நினைத்தேன்.

சரசக்கா: அது 1907இல் கடிபட்ட மனிதருக்காகத் தொடங்கின இடம். நீங்கள் இரண்டு பேரும் போய் நின்றால் உன்னைத்தான் விசாரிப்பார்கள். வருஷா வருஷம் வெறிநோய் ஊசி போடுகிறாய்தானே?

ராசு: தவறுவதே இல்லை.

சரசக்கா: அப்படியென்றால் வலியாகத்தான் இருக்கும். சாது நாய் திடீரென்று உறுமினால் காது, பல், மூட்டு, எங்கேயோ வலிக்கிறது. இவளுக்கு வயிறு.

ராசு: வீட்டுக்குள்ளேயே மூத்திரம் போகிறாளே, அது? திட்டினேன் என்று பழிவாங்குகிறாள்.

சரசக்கா: நாய்க்கு வஞ்சம் வைக்கத் தெரியாது. நம் லைனில் அதற்கு ஆட்கள் தனியாக இருக்கிறார்கள். தண்ணீர் குடிக்கிறாளா?

ராசு: ஒரு நாளைக்கு மூன்று லிட்டர்! சூட்டு உடம்பு அக்கா.

சரசக்கா: இந்தப் பனியிலா? பதினைந்து கிலோ இருப்பாளா? ஒன்றரை லிட்டரைத் தாண்டினாலே டாக்டரிடம் ஓட வேண்டிய கணக்கு. சர்க்கரையாக இருக்கலாம், கிட்னியாக இருக்கலாம். கடைசியாக எப்போது ஹீட்டுக்கு, அதாவது இணைசேரும் பருவத்துக்கு, வந்தாள்?

ராசு: ஒன்றரை மாசம் இருக்கும். பாவமே என்று கருத்தடை ஆபரேஷன் செய்யவில்லை.

சரசக்கா: அட பாவி! ஹீட் முடிந்து ஒன்றிரண்டு மாசத்தில் சில நாய்களுக்குக் கர்ப்பப்பையில் சீழ் கோத்துக்கொள்ளும். வெளியே வழிந்தாலாவது கண்ணில் படும். உள்ளேயே தேங்கினால் இப்படித்தான் வயிறு உப்பும், உயிருக்கே ஆபத்து. என் ராணிக்கு இதே கதை. கர்ப்பப்பையை எடுத்துத்தான் பிழைத்தாள். காய்ச்சல் பார்த்தாயா?

ராசு: தொட்டால் சுடுகிறது.

சரசக்கா: நாய்க்கு 101, 102 டிகிரி சாதாரணம். தெர்மாமீட்டரைப் பின்பக்கம் வைத்துத்தான் பார்க்கணும்.

ராசு: வீட்டில் இருப்பதே ஒரே தெர்மாமீட்டர் அக்கா!

சரசக்கா: அப்போ டாக்டரே பார்க்கட்டும்.

ராசு: திங்கட்கிழமை லீவு போட்டு...

சரசக்கா: இன்றைக்கே, இப்போதே. அந்த டிரைவரையே கூப்பிடு. அட்வான்ஸ் ஊட்டி வாடகையில் கழியட்டும். டாக்டர் கேட்பார், சரியாகச் சொல்லணும்: ராத்திரி எத்தனை தடவை தண்ணீர் குடிக்கிறாள்?

ராசு: நாலு தடவை. பன்னிரண்டு, இரண்டு, மூன்றரை, ஐந்து.

சரசக்கா: அவ்வளவு துல்லியமாக உனக்கு எப்படித் தெரியும்?

ராசு: நானும் அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்கத்தானே எழுந்திருக்கிறேன்.

சரசக்கா: (கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு) உன் ரிப்போர்ட்டுக்கும் சேர்த்து வாடகை பேசு.