கோவொர்க்கிங் லாபம் காபி மெஷினில் இல்லை

கோவொர்க்கிங், அதாவது பலரும் பகிர்ந்துகொள்ளும் வாடகை அலுவலகம், தொடங்க நினைக்கும் பலர் முதலில் சோபாவும் விளக்கும் தேர்வு செய்கிறார்கள். தொழிலின் தலையெழுத்து கட்டட ஒப்பந்தத்தில் இருக்கிறது. உரிமையாளருக்குப் பத்து வருடம் வாடகை தர ஒப்புக்கொள்கிறோம். நம்மிடம் வருபவரோ ஒரு மாத நோட்டீஸில் கிளம்பிவிடலாம். இதே தொழிலில் உள்ள பெரிய நிறுவனங்களில், 2003இல் ரீஜஸின் அமெரிக்கப் பிரிவும், 2023 நவம்பரில் வீவொர்க்கும் திவால் மனு போட்டதில் இந்த இடைவெளிக்குப் பெரிய பங்கு உண்டு.

கையெழுத்துக்கு முன்பே மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: இன்டீரியர் வேலை முடியும்வரை வாடகை விலக்கு, இடையில் வெளியேறும் உரிமை, உள்வாடகைக்கு எழுத்துபூர்வ அனுமதி. நிலையான வாடகைக்குப் பதில் வருமானத்தில் பங்கு என்று உரிமையாளர் ஒத்துக்கொண்டால் இன்னும் நல்லது. லாபம் குறையும், ஆனால் இரவில் தூக்கம் வரும்.

இப்போது கணக்கு. 100 இருக்கை, மொத்தச் செலவு 75 இருக்கையின் வருமானத்துக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். 85 நிரம்பினால் லாபம் 10 இருக்கை. எல்லாருக்கும் 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் வருமானம் 76.5 ஆகிவிடும், கையில் நிற்பது ஒன்றரை இருக்கை! தள்ளுபடியே இல்லாமல், 20 இருக்கை எடுத்த ஒரே கம்பெனி காலி செய்தாலும் போச்சு: 65, நேராக நஷ்டம். பெரிய வாடிக்கையாளருக்கு விலை குறைப்பதென்றால், பதிலுக்கு ஒரு வருட லாக்-இன் (அதுவரை காலி செய்ய மாட்டோம் என்ற உறுதி) வாங்காமல் விடாதீர்கள்.

நிலையான வருமானம் கேபின்களில்தான். அங்கே ஆளை விரட்டுவது சத்தம். தடுப்புச் சுவரை ஃபால்ஸ் சீலிங்கோடு நிறுத்தினால் பக்கத்து அறைப் பேச்சு மேல்வழியாக இறங்கிவிடும். கான்கிரீட் தளம்வரை ஏற்ற வேண்டும். நாலு கேபினுக்கு ஒரே தெர்மோஸ்டாட் வைத்தால் தினமும் பஞ்சாயத்து. எட்டுப் பேர் அறையில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து வீடியோ கால் பேசினால் அந்த அறை வீண். போன் பூத் (ஒருவர் மட்டும் பேசும் சின்ன அறை) போடுங்கள், காற்றோட்ட விசிறியோடு.

இன்டர்நெட் இரண்டு நிறுவனத்திடம் எடுத்தால் மட்டும் போதாது. இரண்டு கேபிளும் ஒரே பள்ளத்தில் வந்தால் ஒரு கடப்பாரை போதும்.

ஹாட் டெஸ்க்கை, அதாவது யாருக்கும் நிரந்தரமாக ஒதுக்காத இருக்கைக்கான சந்தாவை, இருக்கைகளைவிடக் கூடுதலாக விற்கலாம், எல்லாரும் ஒரே நாளில் வருவதில்லை. ஆனால் மாதச் சராசரியை நம்பாதீர்கள். வாரத்தின் நெரிசலான நாளை எண்ணுங்கள்.

விர்ச்சுவல் ஆபீஸ் என்றால் ஒரு கம்பெனி நம் முகவரியை மட்டும் வாடகைக்கு எடுப்பது, இருக்கையே இல்லாமல் வரும் பணம். ஆவணம் சரிபார்க்காமல் கொடுத்தால் அந்தக் கம்பெனிக்கு வரும் கோர்ட் நோட்டீஸ் உங்கள் ரிசப்ஷனில்தான் வந்து நிற்கும்.