தைராய்டுக்கு மூலிகையாம், எந்தத் தைராய்டுக்கு?

"தைராய்டா? அமுக்கரா சாப்பிடுங்க" என்று மறுபடியும் ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. ஹார்மோன் குறைவாகச் சுரப்பவருக்கா, அளவுக்கு மீறிச் சுரப்பவருக்கா? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இரண்டும் நேரெதிர் நோய்கள். அமுக்கரா (அஸ்வகந்தா) தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது. ஏற்கெனவே நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, எடை இறங்கிக்கொண்டே போகிறவருக்கு அதைக் கொடுப்பது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றும் வேலை. அமுக்கரா சாப்பிட்டுத் தைராய்டு ஹார்மோன் எகிறிப்போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. கடல்பாசி மாத்திரைகளிலும் இதே ஆபத்து உண்டு. தைராய்டு ஹார்மோன் உருவாகத் தேவைப்படும் அயோடின், பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். சில கடல்பாசி மாத்திரைகளில் அதைப்போலப் பல மடங்கு இருக்கும்.

மூலிகை என்றதும் கேலி செய்கிற ஆள் இல்லை நான். மிகைச் சுரப்புக்கு உண்மையிலேயே ஆராயப்பட்ட செடிகள் இருக்கின்றன. லைகோபஸ் ஒன்று, லெமன் பாம் இன்னொன்று. 1980களில் நடந்த ஆய்வுக்கூடச் சோதனைகளில் இவற்றின் சாறு, சுரப்பியைத் தூண்டும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன், சுரப்பியின் செல்லில் அதற்கென்று இருக்கும் ஏற்பியில் போய் ஒட்டுவதைத் தடுத்தது. மிகைச் சுரப்பை உண்டாக்கும் கிரேவ்ஸ் நோயில் சுரப்பியை விடாமல் உசுப்பிக்கொண்டிருக்கும் எதிர்ப்பான்களையும் ஒட்டவிடவில்லை. ஜெர்மனியில் மூலிகை மருந்துகளை மதிப்பிட்ட 'கமிஷன் ஈ' குழு, லேசான மிகைச் சுரப்புக்கு லைகோபஸை ஏற்றுக்கொண்டது. திடீரென்று நிறுத்தினால் நோய் முற்றலாம் என்றும் அதே குழு எச்சரித்தது. பகிர்கிறவர்கள் இந்த வரியை மட்டும் எப்படியோ விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் சோதனைக் குழாயில் சாறு நேராகச் செல்லைத் தொடுகிறது. நாம் குடித்தால் குடலையும் கல்லீரலையும் தாண்டி அதில் எவ்வளவு மிஞ்சும்? மிகைச் சுரப்புக்கு மருத்துவர்கள் தரும் கார்பிமசோல் மாத்திரையோடு நேருக்கு நேர் வைத்து, நிறையப் பேரிடம் பார்த்த சோதனை இந்தச் செடிகளுக்கு இல்லை.

"எனக்குச் சரியாயிடுச்சு" என்ற சாட்சியங்களையும் நான் அப்படியே நம்புவதில்லை. கிரேவ்ஸ் நோய் சிலருக்குத் தானாகவே தணியும். லெமன் பாமுக்கு மனதை அமைதிப்படுத்தும் குணம் உண்டு என்பார்கள். பதற்றம் குறைந்தால் நோயே போய்விட்ட மாதிரிதான் தோன்றும், உள்ளே டி3, டி4 என்ற தைராய்டு ஹார்மோன்கள் அப்படியே இருந்தாலும். முன்னும் பின்னும் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டினால் பேசலாம். (அந்தப் பரிசோதனைக்கு முன் முடி வளரச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அதிக அளவில் எடுத்தால், நோயே இல்லாதவருக்கும் மிகைச் சுரப்பு இருப்பதுபோல் முடிவு வரலாம்.)

எனக்குக் கோபம் வருவது, "இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திட்டு இதைக் குடிங்க" என்கிறார்களே, அங்கேதான். கட்டுப்படாத மிகைச் சுரப்பு இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும், எலும்பை அரிக்கும், தைராய்டு புயல் என்ற நிலைக்குப் போனால் உயிரையே எடுக்கும். ஒரு கஷாயத்தை நம்பி இறங்கிப் பார்க்கிற இடமா இது?

கார்பிமசோலும் சாது இல்லை. அபூர்வமாகச் சிலருக்கு வெள்ளை அணுக்களை அபாயகரமாகக் குறைத்துவிடும். அதைச் சாப்பிடும்போது காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால், அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் போய் ரத்தம் பார்த்துவிடுங்கள்.