அக்கா கொடுத்த பிஸ்கட் காரணம் இல்லை

என் அக்கா மகளுக்குச் சீலியாக் நோய், அதாவது கோதுமையில் உள்ள குளுட்டனால் சிறுகுடல் கெட்டுப்போகும் நோய் என்று தெரிந்து இரண்டு வருடம் ஆகிறது. குர்கானில் பிறந்து வளர்கிற பிள்ளை. ஆறு வயதிலும் நான்கு வயதுக் குழந்தை மாதிரி இருந்தாள். இரும்புச்சத்து டானிக் பாட்டில் பாட்டிலாகக் காலியானது, ரத்தசோகை மட்டும் போகவில்லை. பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், டாக்டரை மாற்றினார்கள். கடைசியில் ஒருவர் இந்த நோயைக் கண்டுபிடிக்க உதவும் டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அப்புறம் எண்டோஸ்கோபியில் சிறுகுடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள்.

நோயைவிட அக்காவை அதிகம் வாட்டியது சொந்தக்காரர்கள் பேச்சுதான். "சின்னதிலேயே பிஸ்கட்டைப் பால்ல கரைச்சுக் கொடுத்தியே, அதோட வினைதான் இது." போன வாரம் ஒரு கல்யாண வீட்டிலும் இதையே கேட்டுவிட்டு, அவள் பந்தியில் உட்காராமலே கிளம்பிவிட்டாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குளுட்டன் கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள புரதம். பரோட்டா மாவு இழுக்க இழுக்க அறுந்து போகாமல் வருகிறதே, அது இதனால்தான். நம் யாருடைய வயிறும் இதை முழுதாக உடைத்துச் செரிப்பதில்லை. பெரும்பாலோருக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. டிக்யூ2, டிக்யூ8 என்ற மரபுக்கூறு உள்ளவர்களில் சிலருக்கு மட்டும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி அந்தத் துண்டுகளைப் பகையாக எடுத்துக்கொண்டு சொந்தக் குடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் மழுங்கிப் போகின்றன. எத்தனை டானிக் குடித்தாலும் ஒட்டாதது அதனால்தான்.

கோதுமைதான் தூண்டுகிறது என்று நிலைநாட்டியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே. அவருக்கு முன்பே சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காமல் போனதும், மீண்டும் வந்ததும், அந்தச் சந்தேகத்தை வலுவாக்கின. 1950-இல் ஆய்வேடாகவே எழுதினார்.

சரி, கோதுமையும் மரபும் மட்டுமே காரணமா? 2016-இல் வெளியான இந்திய ஆய்வைப் பாருங்கள். அந்த மரபுக்கூறு வட இந்தியாவில் 38 சதவீதம் பேருக்கு, தெற்கில் 36 சதவீதம் பேருக்கு. ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இந்த நோயில் எதிர்ப்புச் சக்தி உண்டாக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) ரத்தத்தில் காணப்பட்டது வடக்கில் 1.23 சதவீதம், தெற்கில் வெறும் 0.10. அங்கே ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிடுகிறார், இங்கே 25 கிராம். இதோடு கதை முடிந்தது என்று நினைப்போம். அதே ஆய்வில் வடகிழக்கில் கோதுமை 37 கிராம்தான், எதிர்ப்பொருளோ 0.87 சதவீதம்! கோதுமையின் அளவு மட்டுமே காரணம் என்றால் இது எப்படி நடக்கும்?

பின்லாந்திலும் இதே புதிர். அதை ஒட்டிய ரஷ்யக் கரேலியாவிலும் மரபு கிட்டத்தட்ட அதேதான், கோதுமையும் சாப்பிடுகிறார்கள். ஆனால் கரேலியாவில் குழந்தைகளுக்கு இந்த நோய் பின்லாந்தைவிடப் பல மடங்கு குறைவு. சிறு வயதில் சந்திக்கும் கிருமிகள், குடல் நுண்ணுயிர்கள், வைரஸ் தொற்று என்று பல பக்கம் தேடுகிறார்கள். சாதுவான ரியோவைரஸ் கூட குளுட்டன் மேல் பகையைக் கிளப்பிவிடலாம் என்று 2017-இல் எலிகளில் காட்டினார்கள். இதில் ஒரு தாயின் கைக்கு எட்டுவது எது, சொல்லுங்கள்?

பிஸ்கட் விஷயத்துக்கு வருகிறேன். 1980-களின் நடுவில் ஸ்வீடனில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் இந்த நோய் திடீரெனப் பெருகியது. கோதுமையை எப்போது, எப்படிக் கொடுக்கத் தொடங்குகிறோம் என்பதில்தான் காரணம் இருக்கும் என்று பலரும் நம்பினார்கள். ஆனால் 2014-இல் வெளியான இரண்டு பெரிய ஐரோப்பிய ஆய்வுகளில், முன்னால் கொடுத்தாலும் தள்ளிக் கொடுத்தாலும் நோய் வருவதைத் தடுக்க முடியவில்லை. தாய்ப்பால் கொடுத்த காலமும் வித்தியாசம் செய்யவில்லை. அக்காவுக்கு இதைத்தான் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் அழுதாள்.

"பழைய ரகக் கோதுமை ஒன்றும் செய்யாது" என்று வாட்ஸப்பில் சுற்றுவதை நம்பி, இந்தக் குழந்தைகளுக்குச் சம்பா ரவை கொடுத்துவிடாதீர்கள். சம்பா கோதுமையிலும் குளுட்டன் உண்டு. அதேபோல, சப்பாத்தி சாப்பிட்டால் வயிறு உப்பும் எல்லோருக்கும் சீலியாக் இல்லை. கோதுமையில் உள்ள ஃபிரக்டான் என்ற கார்போஹைட்ரேட் வகைகூடக் காரணமாக இருக்கலாம். சந்தேகம் இருந்தால், கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நிறுத்திவிட்டுச் செய்தால் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடும். அக்காவே இரண்டு மாதம் சப்பாத்தியை நிறுத்திப் பார்க்கலாம் என்றிருந்தாள். நல்லவேளை, டாக்டர் தடுத்தார்.

இப்போது பிள்ளை நன்றாக வளர்கிறாள். விடுமுறைக்கு இங்கே வந்தால் இட்லி, தோசை, புட்டு என்று கவலையில்லை. முதல் முறை மட்டும் சாம்பாரில் ஏமாந்தோம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ சேர்த்திருப்பார்கள் என்று எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது. இப்போது அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு டப்பாவின் பின்பக்கத்தையும் படிக்கிறாள். அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் தனியாக ஒரு டப்பாவில், அதற்கென்றே ஒரு ஸ்பூனோடு, பேத்தியின் பெயர் எழுதி இருக்கிறது.