தானியங்கி வால்வு எல்லாக் குழாய்களுக்கும் அல்ல
கலிபோர்னியாவின் சான் புரூனோ நகரில் நடந்த எரிவாயுக் குழாய் வெடிப்புக்குப் பின் அமெரிக்கா இயற்றிய குழாய்ப் பாதுகாப்புச் சட்டம், பழைய எரிவாயுக் குழாய்கள் அனைத்திலும் தானியங்கி அடைப்பு வால்வு பொருத்த ஆணையிட்டது என்று கூறப்படுவது சரியன்று. 2012 ஜனவரியில் சட்டமான அந்த மசோதா, புதிதாகப் பதிக்கப்படும் அல்லது முழுமையாக மாற்றப்படும் குழாய்களுக்கு மட்டுமே, அதுவும் தொழில்நுட்பமும் செலவும் இடங்கொடுக்கும் அளவில், அவ்வால்வுகளைக் கோர வழிசெய்தது. அதற்கான விதியோ 2022இல்தான் வந்தது. 2010இல் அங்கு வெடித்து 8 உயிர்களைப் பறித்த குழாய் 1956இல் பதிக்கப்பட்டது என்பதையும், அதில் வாயுவை நிறுத்த 95 நிமிடங்கள் ஆயின என்பதையும் நினைத்தால், பழைய குழாய்களை விட்டுவிட்ட இந்த விடுபாடு சிறியதன்று. அச்சட்டத்தால் அபராத உச்சவரம்பு, ஒரு பாதுகாப்பு விதி மீறலுக்கு நாளொன்றுக்கு 1 லட்சம் டாலரிலிருந்து 2 லட்சமாக உயர்ந்தது என்று கூறப்படுவது சரியே.