ஓட்டுப் போட்ட பிறகு என்ன செய்தார்?

"ஒன்றுமே கிடைக்காததற்கு இது மேல்." சமரசத்துக்கு ஓட்டுப் போட்ட அரசியல்வாதி இப்படிச் சொன்னால், உடனே அவரை விலைபோனவர் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அமெரிக்காவின் 2003 மெடிகேர் மருந்துச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1965இல் தொடங்கிய மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு, முதியோரின் ஆஸ்பத்திரிச் செலவையும் டாக்டர் செலவையும் ஏற்றது. கடையில் வாங்கும் மாத்திரைக்குப் பெரும்பாலும் எதுவும் தரவில்லை. அதைச் சரிசெய்ய புஷ் ஆட்சி கொண்டுவந்த மசோதாவில் மருந்துக்குக் காப்பீடு இருந்தது. கூடவே, மருந்துக் கம்பெனிகளிடம் அரசு விலை பேசக் கூடாது என்று ஒரு விதியும் இருந்தது. படைவீரர் நலத்துறை அதே கம்பெனிகளிடம் பேரம் பேசி வாங்கிக்கொண்டிருந்த காலம் அது!

அப்புறம், காப்பீட்டின் நடுவே ஓர் இடைவெளி. டோனட் ஓட்டை என்று பெயர். 2006இல் மொத்த மருந்துச் செலவு 2,250 டாலரைத் தாண்டினால் காப்பீடு நின்றுவிடும். 5,100 டாலர் வரை முழுவதும் சொந்தக் காசு. பிரீமியத்தை மட்டும் மாதாமாதம் கட்டியாக வேண்டும். மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்கியவர்களின் வயிற்றெரிச்சல் நியாயமானது.

ஜனநாயகக் கட்சி செனட்டர் எட்வர்ட் கென்னடி கடைசியில் கடுமையாக எதிர்த்தார். அவர் கட்சியிலேயே ரான் வைடன், டயான் ஃபைன்ஸ்டைன் உட்பட 11 செனட்டர்கள் ஆதரித்தார்கள். நானாக இருந்தாலும் ஆதரித்திருப்பேன். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் இன்றைக்கு மாத்திரை வேண்டும் என்பவரிடம், நல்ல சட்டம் வரும்வரை பொறுங்கள் என்று எப்படிச் சொல்வது?

ஆனால் இதே மசோதாவை முன்னின்று நகர்த்தியவர்களில் ஒருவர் குடியரசுக் கட்சி எம்.பி. பில்லி டாசின். அவர் 2005இல் மருந்துக் கம்பெனிகளின் சங்கத்துக்கே தலைவராகப் போனார். வைடனோ, குடியரசுக் கட்சி செனட்டர் ஒலிம்பியா ஸ்னோவோடு சேர்ந்து அந்த விலை பேசும் தடையை நீக்கப் போராடினார். 2007இல் அந்த முயற்சி செனட்டில் முடங்கியது. 2022இல் அவர் செனட்டின் நிதிக் குழுத் தலைவராக இருந்தபோதுதான், சில மருந்துகளுக்காவது விலை பேசும் உரிமையைச் சட்டமாக்க முடிந்தது. மெடிகேரில் இன்சுலினுக்கு மாதம் 35 டாலர் உச்சவரம்பும் அதில்தான் வந்தது.

இருவரும் ஆதரித்தது ஒரே மசோதாவைத்தான். வைடன் தான் ஓட்டுப் போட்டதை நியாயப்படுத்தினால் நான் ஏற்பேன், டாசின் சொன்னால் ஏற்க மாட்டேன்.

அதற்காக அந்த 19 ஆண்டுகளை லேசாக விட முடியாது. அத்தனை காலமும் கூடுதல் விலை கொடுத்தவர்கள் முதியோரும் வரி கட்டியவர்களும்தான். 2022 சட்டமும் சமரசம்தான்: சந்தைக்கு வந்து பல ஆண்டுகள் ஆன மருந்துகளுக்கு மட்டுமே விலை பேச முடியும். அதற்கு ஓட்டுப் போட்ட ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன்: புது மருந்துகளுக்கு எப்போது பேசப் போகிறீர்கள்?